நாற்பத்தெட்டு நாள் வல்லாரை

"ரெஜிஸ்டர் ஆபீஸ்ல உங்கப்பாட்ட பேரு கேப்பாங்க, பிள்ளை யாருன்னு கேப்பாங்க. சொல்லத் தெரியலன்னா நிலத்தை உம் பேருக்குப் பதிய மாட்டாங்க" என்று பத்திரம் எழுதுபவர் சொல்லிவிட்டார்.

உடனே பேச்சிராஜ், மறதி நோயிலிருந்த அப்பாவுக்கு வைத்தியர் சொன்ன வல்லாரைச் சாற்றை நாற்பத்தெட்டு நாள் புகட்டினான். கரிவலம்வந்தநல்லூரில் வல்லாரை கிடைக்காத வெள்ளாடுகள் பட்டிக்கு வழி மறந்தன.

சங்கரன்கோவில் பதிவு அலுவலகத்துக்குச் சாட்சியாக நானும் போனேன்.

"உங்க பேரு?" என்றார் அதிகாரி.

"கருத்தப்பாண்டி."

"இவரு?"

"எம் மவன் பேச்சிராஜ்."

மகனுக்கு ஆனந்தக் கண்ணீரே வந்துவிட்டது.

"நிலம் முழுசும் இவருக்குத்தானா?"

"பாதிதான். மீதி எம் மவ கோகிலாவுக்கு. வேற சாதியில கெட்டிக்கிட்டா, அவளை மறந்துருங்கன்னு இவந்தான் சொன்னான்."

வெளியே வந்ததும் பேச்சிராஜ் வைத்தியருக்குப் போன் போட்டான்.

"அண்ணாச்சி, மருந்து கூடிப்போச்சு. ஒரே ஒரு ஆளை மட்டும் மறக்கதுக்கு ஏதும் தழை இருக்கா?"