தூளி தாங்குகிறது

மாத்தளைக் கடைக்குள் மாலை வெயில் சாய்ந்து விழுகிறது. காட்டில் மரங்களுக்கிடையே கட்டிப் படுக்கும் தூளிகளில், பாராசூட்டுத் துணியில் தைத்த, பாரம் குறைந்த ஒன்றைத் தெரிந்தெடுக்கிறார் நில அளவையாளர் தில்லையம்பலம். கடைக்காரர் ஜவாஹிர் அதைத் தூண்களில் கட்டி, "படுத்துப் பாருங்க சேர்" என்கிறார். ஆட்கள் முன்னால் படுக்கக் கூசி, தன் மூட்டைகளைச் சுமக்கும் பெரியண்ணனிடம், "நீ படு, தாங்குதோ பாப்பம்" என்கிறார் தில்லையம்பலம். கயிறு முனகுகிறது, தாங்குகிறது. அட்டைக்கடித் தழும்புகள் நிறைந்த பாதங்கள் தரையை விட்டு எழும்புகின்றன. பெரியண்ணன் கண்களை மூடுகிறார். "ஆறு வருசமா ஐயாவுக்குக் கட்டி விடுறேங்க. காட்டுல முதுகு நனையாம இப்பிடியும் படுக்கலாம்னு இப்பதாங்க தெரியுது." ஜவாஹிர் மெதுவாகக் கேட்கிறார்: "ரெண்டு தரவா சேர்?" தில்லையம்பலம் தெருவைப் பார்க்கிறார். பெரியண்ணன் அவசரமாக இறங்கி, தான் படுத்த இடத்தைத் துண்டால் துடைக்கிறார்.