இரண்டாவது வீடு

எங்கள் குடும்பத்தின் முதல் பட்டதாரி நான். இன்னமும் வாடகை வீட்டில்தான் இருக்கிறேன். பள்ளிக்கூடத்தையே முடிக்காத தங்கை, வாடகைக்கு விடுவதற்கென்றே இரண்டாவது வீடு வாங்கப் போகிறாளாம். பார்க்க வரச்சொல்லி என்னையும் கூப்பிட்டாள். வயிறு பற்றி எரிந்தது. எப்படியாவது கலைத்துவிட வேண்டும் என்றே போனேன்.

"சுவரெல்லாம் ஓதம். இதுல எவன்டி குடிவருவான்?"

தரகர் நெளிந்தார்.

"பாத்ரூம்ல தண்ணி வடியவே மாட்டேங்குது. மாடில தொட்டி ஒழுகுது. வர்றவன் ஒரே மாசத்துல ஓடிடுவான்."

தங்கை பெருமூச்சு விட்டாள். "அக்கா சொன்னா சரியாத்தான் இருக்கும். வேணாங்க."

எனக்குக் குளுகுளுவென்று இருந்தது.

வாசலைத் தாண்டுவதற்குள் வீட்டை விற்பவர் ஓடி வந்தார். "இரும்மா! எல்லாத்தையும் சரிபண்ணித் தந்து விலையையும் குறைச்சுக்கறேன்."

அங்கேயே அட்வான்ஸ் கைமாறியது.

தெருவில் தங்கை என் கையைக் கோத்துக்கொண்டாள்.

"எங்க வீட்டுக்காரர் வந்திருந்தா எல்லாத்துக்கும் தலையாட்டியிருப்பாரு. வயித்தெரிச்சலோட பாக்குற கண்ணுக்குத்தான்க்கா குறையெல்லாம் தெரியுது. அதான் போன தடவையும் உன்னையே கூட்டிட்டுப் போனேன். அடுத்த மாசம் இன்னொண்ணு பாக்கணும், லீவு போட்டுடு."