தேய்ந்த ஷூ

"ஏட்டி ஸ்டெல்லா, என்னால முடியாதுட்டி. காலு ரெண்டும் தந்தியடிக்கு."

பாறை உச்சியில் நின்றுகொண்டு, சிரித்த முகம் மாறாமல் இதைச் சொன்னார் ஹெர்பர்ட். சுற்றிலும் கம்பெனி ஆட்கள் நின்றார்களே!

ஸ்டெல்லாவுக்குப் பகீரென்றது. ஒரு வாரமாக இந்த மனுஷன் பண்ணின அலப்பறை கொஞ்சமா நஞ்சமா? கம்பெனிக் குடும்பங்களை லோணாவளா பக்கம் கூட்டிப் போய், இடுப்பில் கயிறு கட்டிப் பாறையிலிருந்து இறங்கக் கற்றுத் தருகிறார்கள் என்றதும் நிக்டி காலனி முழுக்கத் தம்பட்டம் அடித்தது இவர்தான்.

"பனையேறினவனுக்குப் பாறை எம்மாத்திரம்னு சொன்னீங்களே?" என்று ஸ்டெல்லா பல்லைக் கடித்தாள்.

"ஏட்டி, பனையேறினது எங்க சித்தப்பா!"

நல்லவேளை, தமிழ் இருந்தது. புனேக்கு வந்த நாளிலிருந்து இருவருக்கும் அது ஒரு சௌகரியம். காய்கறிக்காரர் முன்னால், பஸ்ஸில், வீட்டு ஓனர் முன்னால் என்று எங்கே வேண்டுமானாலும் ரகசியம் பேசலாம். ஈ, காக்காய்க்குப் புரியாது.

கீழே கேமராவும் கையுமாக நிக்கோல் நின்றிருந்தாள். பத்து வயசுப் பிள்ளை, சிரித்துக்கொண்டே இறங்கிவிட்டாள். "எங்க டாடிக்கு பயமே கிடையாது" என்று பள்ளிக்கூடம் பூராவும் சொல்லி வைத்திருந்தாள்.

"டாடி, ஜல்தி வாங்க!" என்று கத்தினாள்.

"வயித்துவலின்னு சொல்லிருங்க" என்றாள் ஸ்டெல்லா.

"பிள்ளைக்கு முன்னால மானம் போயிரும்ட்டி. அவ மூஞ்சில முழிக்கண்டாமா?"

"ஹெர்பர்ட் சாப், ஆயியே!"

பக்கத்தில் கயிற்றுக்கு முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்த விஜய் கூப்பிட்டான். சொல்லிக் கொடுக்க வந்தவன். காலையிலிருந்து இந்தியிலும் மராட்டியிலும் எல்லாரையும் விரட்டிக்கொண்டிருந்தான்.

ஹெர்பர்ட்டின் இடுப்பில் பெல்ட்டை மாட்டினான். மேலும் கீழும் பார்த்தான். சட்டென்று குனிந்து அவர் காலைத் தூக்கச் சொல்லி, ஷூவின் அடியைப் பார்த்தான்.

"சோல் தேஞ்சிருக்கு. வழுக்கும். நீங்க இறங்கக் கூடாது!" என்று இந்தியில் கத்தினான். அடிவாரம் வரைக்கும் கேட்டது.

ஹெர்பர்ட்டுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கூடவே வாயும் வந்துவிட்டது.

"என்னது, இறங்கக் கூடாதா? போன மாசம் கேம்ப் பஜார்ல வாங்கின ஷூ இது! நான் இறங்கியே தீருவேன்!" என்று அவரும் இந்தியில் குதித்தார்.

"ரூல்னா ரூல்தான் சாப்."

"சே! இவ்வளவு தூரம் வந்தும் வீணாப்போச்சே!" என்று அலுத்துக்கொண்டே பெல்ட்டைக் கழற்றினார் ஹெர்பர்ட். மாட்டும்போது இல்லாத வேகம், கழற்றும்போது இருந்தது.

"ஸ்தோத்திரம் ஆண்டவரே" என்று ஸ்டெல்லா நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள்.

ஆனால் அடுத்து இறங்கியது அக்கவுண்ட்ஸ் மேனேஜர். அவருடைய கான்வாஸ் ஷூவில் பெருவிரல் வெளியே எட்டிப் பார்த்தது. விஜய் அதைக் கண்டுகொள்ளவே இல்லை. "சாபாஷ் சாப்!" என்று முதுகில் தட்டி இறக்கிவிட்டான்.

ஸ்டெல்லாவுக்குச் சுருக்கென்றது.

"பாத்தீங்களா அநியாயத்தை? ஓட்டை ஷூவுக்கு சாபாஷ். உங்களை மட்டும் ஊருக்கு முன்னால மட்டந்தட்டுதான். என்ன திமிரு!"

ஆபத்து தாண்டிவிட்டதால் ஹெர்பர்ட்டுக்கும் ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "கொரங்குப் பய. கயித்துல தொங்கித் தொங்கிக் கொழுப்பு ஏறிட்டு."

"மூஞ்சியப் பாருங்க, கொரங்கே தேவலை" என்றாள் ஸ்டெல்லா, அவனைப் பார்த்து மரியாதையாகப் புன்னகைத்துக்கொண்டே.

அவனும் புன்னகைத்தான். இருவருக்கும் சிரிப்பை அடக்க முடியவில்லை.

நடைபாதை வழியாக அவர்கள் இறங்கி வந்ததும் நிக்கோல் ஓடி வந்து அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். கண் கலங்கியிருந்தது.

"அந்த அங்கிள் பேட். டாடி ரெடியாத்தானே இருந்தாங்க, மம்மி? ஷூதானே ப்ராப்ளம்?"

"ஆமாம்மா, ஷூதான்."

"ஷூதான் ப்ராப்ளம்னு நான் எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன்" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள் நிக்கோல். ஹெர்பர்ட் மகளுடைய தலையைத் தடவினார்.

திரும்பும்போது வழியில் பஸ் நின்றது. நிக்கோலும் மற்றவர்களும் வடா பாவ் சாப்பிட இறங்கிப் போனார்கள். ஹெர்பர்ட்டும் ஸ்டெல்லாவும் மட்டும் பஸ்ஸிலேயே உட்கார்ந்திருந்தார்கள்.

அதே பஸ்ஸில் வந்திருந்த விஜய் வெளியே ஜன்னலோரம் வந்தான். யாராவது இருக்கிறார்களா என்று அக்கம் பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான்.

"அண்ணாச்சி, அடுத்த சனிக்கிழமை தனியா வாங்க. ஆளுயரத்துல ஒரு சின்னப் பாறை இருக்கு, அதுல பழகிக்கிடலாம். எனக்கும் முதல் தடவை இப்படித்தான் காலு தந்தியடிச்சுது."

பூமி பிளந்து உள்ளே போய்விட்டால் தேவலை என்றிருந்தது ஸ்டெல்லாவுக்கு.

"தம்பி... நீங்க... தமிழா?" என்றார் ஹெர்பர்ட்.

"இங்க புனேல, போபோடியில பொறந்தவன் அண்ணாச்சி. எங்கம்மைக்குப் பாளையங்கோட்டை."

"அப்போ... என் ஷூ..."

"உங்க ஷூவுக்கு ஒரு குறையும் இல்ல, அதையே போட்டுட்டு வாங்க" என்றவன், ஸ்டெல்லாவைப் பார்த்துச் சிரித்தான். "அக்கா, நீங்களும் கூட வாங்க. ரெண்டு பேருக்கும் இந்தக் கொரங்கே கத்துக்குடுக்கும்."