எந்த சாக்கெட் எதுக்கு?

"கழட்டத் தெரிஞ்சவனுக்கு மாட்டத் தெரியாதாடா?"

ஆண்டாயி அத்தை போட்ட சத்தத்தில், பானெட்டுக்குள் தலையை விட்டிருந்த இளவரசன் நிமிர்ந்து நங்கென்று இடித்துக்கொண்டான்.

இன்றைக்கு அவனுக்கு நிச்சயதார்த்தம். பெண் வீடு அரியலூர். சொந்தபந்தமெல்லாம் வேனில் நெருக்கியடித்துக்கொண்டு குன்னத்திலிருந்து முன்னாலேயே கிளம்பிவிட்டது. பழம், பூ, புடவை என்று இருபத்தொரு தட்டும் இளவரசனின் பழைய பிக்கப் வண்டியில். தட்டுகளுக்குக் காவல், அத்தை.

ஞாயிற்றுக்கிழமை. பன்னிரண்டு மணிக்கு எமகண்டம். அதற்குள் தட்டு மாற்றியாக வேண்டும். இப்போதே மணி பத்து. வண்டியோ ஸ்டார்ட் ஆவேனா என்கிறது.

"நேத்து இன்ஜினைத் துடைக்கறதுக்காக அஞ்சு ஒயர் சாக்கெட்டைக் கழட்டினேன் அத்தை. எல்லாம் ஒரே மாதிரி இருக்கு. எது எங்க போவணும்னு... மறந்துட்டேன்."

"மறந்துட்டியா! நாளைக்குப் பொண்டாட்டியையும் சந்தையில மறந்து விட்டுட்டு வருவ!"

மெக்கானிக்குக்குப் போன் போட்டார்கள். முகூர்த்த நாள். மனிதர் சிறுவாச்சூரில் ஒரு கல்யாணப் பந்தியில், பாயசத்தில் இருந்தார்.

"எதுக்கும் மாத்தி மாத்தி மாட்டிப் பாருங்க தம்பி" என்று வைத்துவிட்டார்.

மாட்டினான். ஓடாத வண்டி சூடேறிவிட்டதாக மீட்டர் முள் உச்சிக்குப் போனது. மாற்றி மாட்டினான். ரிவர்ஸ் லைட் எரிந்தது.

"முன்னாடி போற வழியக் காணோம், பின்னாடி லைட்டு எரியுது. வெளங்கிடும்!" என்றாள் அத்தை.

அப்போதுதான் போன் வந்தது. மணப்பெண் பிரவீணா. இயர்போனை மாட்டிக்கொண்டு இளவரசன் மறுபடி இன்ஜினுக்குள் குனிந்தான். முகமெல்லாம் பல்.

"ம்... சொல்லு... ஐயோ, சிரிப்பு காட்டாத... ம், அப்புறம்?"

அத்தைக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இருபத்தொரு தட்டும் வெயிலில் காய்கிறது, துரைக்குக் கொஞ்சல் கேட்கிறதா? நடுநடுவே போனைத் தூக்கிப் போட்டோ வேறு எடுத்தான்.

"கரி அப்புன மூஞ்சிய செல்ஃபி எடுத்து அனுப்புறியாடா? நீதான் இப்படின்னா, நிச்சயத்தன்னிக்கு அந்தப் பொண்ணுக்கும் வேற வேலையில்லையா?"

"ரெண்டே நிமிஷம் அத்தை!"

"அவங்கம்மாவைக் கேக்கறேன் பாரு, புள்ள வளத்த லட்சணம் இதுதானான்னு."

இரண்டு நிமிஷம் இருபது நிமிஷமானது. திடீரென்று வண்டி உறுமியது. அத்தை ஆப்பிள் தட்டைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஒரு துள்ளு துள்ளினாள். இளவரசன் பட்டு வேட்டியை மடித்துக் கட்டித் தெருவிலேயே ஒரு ஆட்டம் போட்டுவிட்டுத்தான் வண்டியில் ஏறினான்.

எமகண்டத்துக்குக் கால் மணி நேரம் இருக்கும்போதே தட்டு மாற்றியாயிற்று.

பெண்ணுக்கு வளையல் போடும் முறை அத்தைக்கு. பிரவீணா கையை முந்தானைக்குள் வைத்துக்கொண்டு நெளிந்தாள்.

"நீட்டும்மா. போன்ல பேசறப்ப இல்லாத வெக்கம் இப்ப எதுக்கு?"

நீட்டினாள். மருதாணிக்கு மேல் பத்து விரலிலும் கறுப்புக் கிரீஸ்.

"என்னம்மா இது?"

பெண்ணின் அம்மா வேணி பதறிக்கொண்டு வந்தாள். "தப்பா நெனச்சுக்காதீங்க சம்பந்தி. எங்க வூட்லயும் அதே வண்டிதான். மாப்பிள்ளை ஒவ்வொரு சாக்கெட்டா போட்டோ அனுப்பினார். இவ கட்டின பட்டோட எங்க வண்டிக்குள்ள தலையைவிட்டு, எது எங்க மாட்டியிருக்குன்னு பாத்துப் பாத்துச் சொன்னா. சோப்பு போட்டும் போவல."

கேட்க வைத்திருந்த கேள்வியை நினைத்து அத்தைக்கு வெட்கமாக இருந்தது.

வேணி விடவில்லை. "மாப்பிள்ளை மேலயும் தப்பில்லீங்க. ஒண்ணுக்கு ஒரு பொட்டு, இன்னொண்ணுக்கு ரெண்டு பொட்டுன்னு குங்குமத்துல அடையாளம் வச்சுத்தான் கழட்டியிருக்கார். காலையில யாரோ வண்டிக்குப் பூஜை போட்டிருக்குன்னு நெனச்சு, எல்லாத்துக்கும் மூணு மூணு பொட்டா வச்சுட்டாங்களாம். யாருன்னு கேட்டா வாயே தொறக்க மாட்டேங்கறார். உங்க வூட்ல யாருங்க அது?"

அத்தை இளவரசனைத் திரும்பிப் பார்த்தாள். அவன் அவசரமாகப் பந்தலை அண்ணாந்து பார்த்தான்.

அத்தை தன் புதுப் பட்டுப்புடவையின் தலைப்பை எடுத்து பிரவீணாவின் விரல்களை ஒவ்வொன்றாகத் துடைக்க ஆரம்பித்தாள்.

"இருக்கா ஒரு கூறுகெட்டவ. இப்ப உங்க பொண்ணு கையைத்தான் தொடச்சுக்கிட்டிருக்கா!"