இன்னொரு நாக்கு

உரத்துக்கான பொட்டாஷ் தேடிப் பூமியைத் துளைக்கும் ஒரு சின்னக் கம்பெனியில் நல்லசிவம் தன் ரிட்டயர்மென்ட் பணத்தில் பாதியைப் போட்டிருந்தார். துளையிலிருந்து எடுத்த இளஞ்சிவப்புக் கல்லில் கட்டைவிரல் அளவு துண்டைப் பங்குதாரர் ஒவ்வொருவருக்கும் கம்பெனி அனுப்பியிருந்தது. கூடவே ஒரு கடிதம்: நக்கிப் பாருங்கள், வெறுமனே கரித்தால் உப்பு, கரிப்புக்குப் பின்னால் கசந்தால் பொட்டாஷ், ஒரு நாக்கை நம்ப வேண்டாம், வீட்டில் இன்னொருவரையும் பார்க்கச் சொல்லுங்கள். வீட்டில் இன்னொருவர் இல்லை. தினமும் காலையில் அவரே நக்கினார். கசந்தது. ஆனால் மனைவி போனதிலிருந்து அவருக்குக் காப்பியும் கசந்தது, இட்லியும் கசந்தது. கல்லில் நாக்கு பட்ட இடம் குழிந்துவிட்டது. மீதிப் பணத்தையும் போடுவதென்றால் மறுநாள்தான் கடைசி. கல்லைக் கழுவி, குழிந்த பக்கம் கீழே இருக்கும்படி கிண்ணத்தில் வைத்து, எதிர்வீட்டு மணியை முதல்முறையாக அடித்தார். கதவைத் திறந்த பெண் கிண்ணத்தை வாங்கிப் பார்த்தாள். “அட, இந்துப்பா? எதுக்கு சார் இதெல்லாம்?” என்று சிரித்தபடி உள்ளே போய்விட்டாள். கேட்க வந்ததைக் கேட்காமலே அவர் வீடு திரும்பினார். சாயங்காலம் கிண்ணம் திரும்பி வந்தது. வெறும் கிண்ணமாகத் தரக் கூடாதென்று சர்க்கரை போட்டிருந்தாள்.

“தட்டி ரசத்துல போட்டேன் சார். நல்லா இருந்துச்சு.”

“கசக்கலியாம்மா?”

“இல்லையே. ஏன் சார்?”

“சும்மாதான் கேட்டேன்.”

கதவைச் சாத்திவிட்டு ஒரு சிட்டிகை சர்க்கரையை நாக்கில் வைத்து, அது கரைகிறவரை அங்கேயே நின்றார். அதுவும் கசந்தது.