ஹார்விச்சுக்குப் போன சனிக்கிழமை

ரயில் நிற்பதற்கு முன்பே கஸ்பர் எழுந்துபோய்க் கதவடியில் நின்றுகொண்டான்.

அதுதான் கடைசி ஸ்டேஷன். அதற்கப்பால் கடல். இதில் அவசரப்பட என்ன இருக்கிறது என்று பெர்னடெற் நினைத்தாள். 

மன்னாரிலிருந்து வந்து இவனைக் கல்யாணம் கட்டி மூன்று மாதம். கணவன் ஓரிடத்தில் சற்றுநேரம் சேர்ந்தாற்போல இருந்து அவள் பார்த்ததில்லை. லண்டன் ஹவுன்ஸ்லோ வீட்டில் தேத்தண்ணியைக்கூட நடந்துகொண்டே குடிப்பான்.

ஹவுன்ஸ்லோ தமிழர் கடல் பார்க்கப் போவதென்றால் சவுத்தெண்டுக்குத்தான் போவார்கள். போன மாதமும் பஸ் பிடித்துப் போனார்கள். கஸ்பர் போகவில்லை. இன்றைக்கு விமான நிலைய வேலைக்கு லீவு போட்டுவிட்டு, யாரும் கேள்விப்படாத இந்த ஊருக்கு அவளைக் கூட்டிவந்திருக்கிறான்.

வெளியே வந்ததும் அவன் எவரிடமும் வழி கேட்கவில்லை.

“வாரும். முதல்ல வெளிச்சவீடு.”

வீடுகளுக்கு நடுவே உயரமான கல்கோபுரம் ஒன்று நின்றது. கரையோரத்தில் இன்னொன்று, குட்டையானது. இரண்டு விளக்கும் ஒன்றின்மேல் ஒன்றாகத் தெரிந்தால் கப்பல் சரியான பாதையில் வருகிறது என்று அர்த்தமாம். பிறகு கடலடி மணல் இடம் மாறிவிட்டதாம். அதே விளக்குகளை நம்பி வந்தால் தரைதட்டும் என்றாகிவிட, அணைத்துவிட்டார்களாம்.

அவள் அண்ணாந்து பார்த்து முடிப்பதற்குள் அவன் தெருமுனைக்குப் போய்விட்டான்.

மௌனப்படக் காலத்துச் சினிமா தியேட்டர். பல வருடம் பூட்டிக் கிடந்து மறுபடி திறந்ததாம். சுவரில் ஒட்டியிருந்த படங்களைப் பார்க்க அவளுக்கு ஆசை. அவன் நிற்கவில்லை.

புல்வெளியில் முந்நூறு வருடத்துப் பாரந்தூக்கி, முழுக்க மரம். ஆட்கள் அதன் பெரிய சக்கரத்துக்குள் ஏறி நடந்தால் பாரம் மேலே எழும்புமாம்.

நடக்கும்போது அவன் உதடுகள் அசைந்துகொண்டிருந்தன. தியேட்டரடியில் இடது பக்கம், தேவாலயத்தைக் கடந்து நேரே என்று ஆங்கிலத்தில், பள்ளிக்கூடப் பிள்ளை பாடம் ஒப்புவிப்பதுபோல.

பெர்னடெற்றுக்குப் புதுச் சப்பாத்து காலைக் கடித்தது. அதைவிட வேறொன்று உள்ளே கடித்தது. பக்கத்து வீட்டு எமில்டா அக்கா ஒருநாள் சொன்னது. லண்டனுக்கு வர முந்திக் கஸ்பர் வேறெங்கேயோ இருந்தவனாம். எங்கே என்று கேட்டால் வாய் திறக்க மாட்டானாம்.

ஒடுங்கிய சந்தொன்றில் நீலக் கதவு போட்ட வீட்டின் முன் அவன் நின்றான். தலைமயிரைக் கையால் ஒதுக்கினான். தட்டினான்.

ஓர் இளம் பெண் கதவைத் திறந்தாள். இருவரும் ஆங்கிலத்தில் தணிந்த குரலில் பேசினார்கள். பெர்னடெற்றுக்கு விளங்கியது ஒரு பெயர் மட்டும். மார்கரெட்.

அந்தப் பெண் தலையை ஆட்டினாள், இல்லை என்பதுபோல. கதவு மூடிக்கொண்டது.

கஸ்பர் முன்னிலும் வேகமாக நடந்தான்.

பெர்னடெற் பின்னால் போனாள். அழக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டாள். ஊர் முடிந்து, கடலுக்குள் நீண்டிருந்த மரப்பாலத்தில் வந்து நின்றார்கள். ஒரு காலத்தில் இதில் நடக்க அரைப் பென்னி வாங்குவார்களாம். அதையும் சொன்னான். அவள் கேட்கவில்லை.

ஐஸ்கிரீம் விற்ற கிழவர் சிரித்துக்கொண்டே, இந்த ஊருக்கு முதல் தடவையா என்று கேட்டார். அந்த அளவு ஆங்கிலம் அவளுக்கும் விளங்கியது.

“ஓம்,” என்றான் கஸ்பர். பிறகு திருத்தி, “யெஸ்.”

அவளால் அதற்குமேல் பொறுக்க முடியவில்லை.

“ஏன் பொய் சொல்லுறீங்கள்? ஒவ்வொரு சந்தும் உங்களுக்குத் தெரியுது. ஆரோட நடந்தனீங்கள் இஞ்ச?”

அவன் ஊரைப் பார்க்கவில்லை. தண்ணீரைப் பார்த்தான்.

“பொய் இல்லை. ஊருக்குள்ள நான் இண்டைக்குத்தான் கால் வைக்கிறன். அங்காலதான் எங்கட கப்பலைக் கட்டியிருந்தவங்கள்.”

அவன் கை நீட்டிய இடத்தில் ஒன்றும் இல்லை. அலைதான் இருந்தது.

எண்பத்தேழாம் ஆண்டு. அகதி என்று வந்தவர்களை அரசாங்கம் ஒரு பழைய பயணிகள் கப்பலில் அடைத்துவைத்திருந்தது. கரைக்கு இறங்க விடமாட்டார்கள். மார்கரெட் அந்த நாளிலேயே எழுபது கடந்த மனுசி, ஓய்வுபெற்ற ஆசிரியை. கிழமைக்கொருமுறை கப்பலுக்கு வந்து ஆங்கிலம் படிப்பித்தார். இடது, வலது, எதிரே, பக்கத்தில் எல்லாவற்றையும் தன்னுடைய ஊரை வைத்தே படிப்பித்தார். பாடத்தின் கடைசி வாக்கியம் எப்போதும் அந்த நீலக் கதவில் வந்துதான் முடியும். ஒக்டோபர்ப் புயலில் கயிறுகள் அறுந்து கப்பல் மணலில் ஏறிய பிறகுதான் கஸ்பரை வெளியே விட்டார்கள். நேரே பஸ். நேரே லண்டன்.

மார்கரெட் போன குளிர்காலத்தில் செத்துப்போனாராம்.

பெர்னடெற் அவன் கையைப் பிடித்தாள். விரல்கள் ஐஸ்கிரீம் கோப்பையைப்போலக் குளிர்ந்திருந்தன.

அப்போது ஒல்லாந்துக்குப் போகும் வெள்ளைக் கப்பலொன்று துறையை விட்டு வந்தது. மேல்தட்டில் நின்ற பிள்ளைகள் பாலத்தைப் பார்த்துக் கையசைத்தார்கள். யோசிக்காமலே அவளும் கையசைத்தாள்.

“இப்பிடித்தான்,” என்றான் கஸ்பர். “இதில நிண்ட சனம் எங்களுக்கும் கை காட்டும். லீவுக்குப் போறம் எண்டு நினைச்சிருப்பினம்.”

“நீங்கள் என்ன செய்தனீங்கள்?”

“நாங்களும் காட்டினனாங்கள்.”