வெந்நீர்

சாமை விளைந்த சரிவில் சீகை என்னும் வாட்டில் மரம் வளர்க்க வந்த வனத்துறை, அங்கே பயிர் செய்துகொண்டிருந்த குறும்பப் பெண்களையே கூலிக்கு வைத்தது. அவர்களில் நஞ்சி மட்டும், தன் பாத்திக்குத் தந்த விதைகளின் மேல் கொதிக்கும் வெந்நீரை யாருக்கும் தெரியாமல் ஊற்றினாள். செத்த விதைகளைத்தான் விதைக்கிறோம் என்று நிம்மதியாக விதைத்தாள்.

மூன்றாம் வாரம் அவள் பாத்தி மட்டும் அடர்ந்து முளைத்திருந்தது. மற்றவற்றில் அங்கொன்றும் இங்கொன்றும்தான்.

"விதைய என்ன பண்ணுன?" என்றார் ரேஞ்சர்.

மாட்டிக்கொண்டோம் என்று நினைத்து உண்மையைச் சொன்னாள். "வெந்நி ஊத்துனேனுங்க."

அவர் சிரித்தார். "இதுக்குத் தோல் கெட்டி. அந்தச் சூட்டுலதான் வெடிச்சு முளைக்கும். இனி எல்லாருக்கும் நீயே சொல்லிக்குடு."

அவர் போனதும் பெண்கள் அடுப்பில் ஏற்றிய வெந்நீர்ப் பானையைச் சுற்றி உட்கார்ந்தார்கள்.

"எவ்வளவு சூடு வேணும், அக்கா?"

நஞ்சி அடுப்பிலிருந்து விறகை வெளியே இழுத்தாள்.

"கை பொறுக்குற சூடு போதும்."